பிடி இல்லாத நாற்காலி

அந்த ஐந்து நாற்காலிகளும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது 1983ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்து, தெருவில் கரும்புச் சக்கை இன்னும் கிடந்த வாரத்தில். எங்களில் ஒருவரான லாட்டரிக்காரர் அது எண்பத்திரண்டு என்று கடைசிவரை சாதித்தார். நான் ஒத்துக்கொண்டதில்லை. எண்பத்தொன்றை உலகம் முழுவதும் ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடினார்கள். மாற்றுத்திறனாளி என்ற சொல் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி எங்களுக்கெல்லாம் கிடைத்தது அந்த ஆண்டில்தான். வண்டி கிடைத்த பிறகு கடற்கரைச் சாலையில் நாங்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டோம். கண்டுகொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகே நாற்காலி வந்தது. ஆகவே எண்பத்து மூன்று. இன்னொரு சாட்சியும் உண்டு, அது பிறகு வரும்.

நாங்கள் ஐந்து பேர். ரெட்டியார்பாளையத்தில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் ஒருவர். எங்களுக்குள் மூத்தவர், நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மூன்று சக்கர வண்டியிலேயே பலகை கட்டிச் சீட்டு விற்ற லாட்டரிக்காரர் ஒருவர். பெரிய மார்க்கெட்டில் அரிசிக் கடையில் கணக்கு எழுதியவர் ஒருவர். கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தவர் ஒருவர். ஐந்தாவது ஆள் நான். சாரம் என்ற பகுதியில் வீடு, டைப்ரைட்டிங் நிலையத்தில் சொல்லிக்கொடுக்கும் வேலை, அப்போது எனக்கு இருபத்தொரு வயது. ஐந்து பேருக்கும் கால் வராமல் போனதற்குச் சின்ன வயதில் வந்த போலியோக் காய்ச்சல்தான் காரணம். மாலை வேளைகளில் கடல் காற்றுக்கு வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். போகிறவர்கள் வருகிறவர்கள் ஏதோ மாநாடு என்று நினைத்திருக்கக்கூடும்.

ரேடியோ அண்ணாவின் அக்காவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் சம்பந்தம். அக்கா வீட்டுக்காரர் பிரான்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர் குடியிருந்த ஊரின் விளையாட்டு அரங்கில், கால் இழந்தவர்களும் கால் வராதவர்களும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கூடைப்பந்து ஆடுவார்களாம். விடுமுறையில் வந்தபோது அவர் இதைச் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. அவரும் எங்களோடு வாதாடவில்லை. அந்த அரங்கத்தார் புது நாற்காலி வாங்கியபோது பழைய ஐந்தைக் கேட்டு வாங்கி மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றிவிட்டார்.

சென்னைத் துறைமுகத்தில் சுங்கக்காரர்களிடமிருந்து அதை மீட்க ரேடியோ அண்ணா பட்ட பாடு தனிக் கதை. மீட்டதை ஊருக்குக் கொண்டுவர, பெரிய மார்க்கெட்டுக்கு வரும் முட்டைக்கோஸ் லாரியில்தான் இடம் கிடைத்தது. விடிந்த நேரத்தில் நாங்கள் ஐந்து பேரும் மார்க்கெட் வாசலில் காத்திருந்தோம். பெட்டி பாதி வழியிலேயே உடைந்துபோயிருந்ததால் மூட்டை தூக்குகிறவர்கள் நாற்காலிகளை ஒவ்வொன்றாக அப்படியே இறக்கினார்கள்.

"இன்னாபா இது, கோசுக்கு நடுவுல நாற்காலி மொளச்சிருக்குது?"

"கல்யாணத்துக்கு வாடகைக்கு வுடறதா?"

"அட சக்கரத்தப் பாருடா. கப்பல்ல அடிவாங்கி விரிஞ்சி பூட்ச்சு."

அவர் சொன்னது எங்கள் கண்ணுக்கும் உண்மையாகவே தெரிந்தது. இரண்டு பக்கச் சக்கரங்களும் நேராக நிற்கவில்லை. மேலே நெருங்கியும் கீழே விரிந்தும், பாரம் தாங்காமல் காலை அகட்டி நிற்கிற மாடு போல இருந்தன. முதுகுச் சாய்வு இடுப்புக்குக் கொஞ்சம் மேலோடு முடிந்துவிட்டது. கை வைக்க இடமில்லை. பின்னால் தள்ளுவதற்குப் பிடியும் இல்லை. ஐந்தும் அப்படியே. அரிசிக் கடைக் கணக்குக்காரர் வண்டியிலேயே நாற்காலிகளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழசு குடுத்தாங்க சரி. அரகொறயாவா குடுப்பாங்க?"

என்னுடைய நாற்காலி சாரத்துக்கு வந்தது. அதை முதலில் சுற்றிப் பார்த்தது அம்மா.

அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் பஞ்சாலையில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தவள். அப்பாவுக்கும் அதே ஆலைதான். எனக்குக் கால் வராது என்று தெரிந்த பிறகும் சில வருஷங்கள் பக்கத்து வீட்டில் என்னை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனாள். 1970இல், எட்டு வயதில் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே அவள் வேலையை விட்டாள். காலையில் இடுப்பில் தூக்கிப் போய் விடுவதும், மதியம் சோறு கொண்டுவருவதும், மாலையில் தூக்கி வருவதும்தான் அதன் பிறகு அவளுக்கு வேலை. இடுப்புக்கு அடங்காமல் நான் வளர்ந்தபோது முதுகில் ஏற்றிக்கொண்டாள். பிறகு சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளினாள். காலில் காலிப்பர் இரும்பு மாட்டி நிற்கப் பழகியபோது அக்குளில் கை கொடுத்துப் பின்னாலேயே நடந்தாள். எண்பத்தொன்றில் மூன்று சக்கர வண்டி வந்ததும், கையால் சுற்றி நானே போவேன் என்று சொல்லியும், "கை நோவும்" என்று சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் வருவாள். எழுபதுகள் முழுவதும், எண்பதுகளின் முதல் சில வருஷங்களும், நான் வெளியே எங்கே இருந்தேனோ அங்கே எனக்குப் பின்னால் அம்மா இருந்தாள். அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவது காதில் விழும்.

நாற்காலியைச் சுற்றிப் பார்த்த அம்மா எங்கள் தெருமுனையில் வெல்டிங் கடை வைத்திருந்தவரைக் கூப்பிட்டனுப்பினாள்.

"தம்பி, சக்கரம் இப்படிக் கோணிக்கினு கீது பாரு."

"நிமித்திரலாம் அக்கா. வாஷர் போட்டா நின்னுடும்."

"பின்னாடி புடி எங்க?"

"இதுக்குப் புடியே இல்லியே."

"அப்ப நான் எதப் புடிச்சிகினு வர்றது?"

வெல்டிங்காரர் தலையைச் சொறிந்தார். "வச்சிட்டாப் போவுது."

உடைந்த சைக்கிளின் ஹேண்டில்பார் ஒன்றை வெட்டி, முதுகுச் சாய்வின் இரண்டு பக்கமும் பற்ற வைத்து, பச்சை ரப்பர் உறையும் மாட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. என் நாற்காலியைப் பார்த்த மற்ற நான்கு வீட்டாரும் தங்களுக்கும் அப்படியே வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஒரு வாரத்தில் ஐந்து நாற்காலிகளின் சக்கரங்களும் நெட்டுக்குத்தாக நின்றன. ஐந்துக்கும் பச்சைப் பிடி. நல்ல நாள் பார்த்துச் சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி ஓட்டத்தைத் தொடங்கினோம். எலுமிச்சைச் சாறு என் பாவாடையில் தெறித்தது. பாவாடை சக்கரத்தில் சிக்கும் என்று அம்மா பிறகு எனக்கு ஒரு பைஜாமா தைத்தாள்.

ஊருக்குள் ஒரு பள்ளியில் சிமெண்டுத் தரை போட்ட கூடைப்பந்து மைதானம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு விட்டார்கள். இரண்டு பேருக்கு மூன்று பேர் என்று பிரிந்து ஆடினோம். ஆட்டத்தின் விதி ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. வேகமாகத் திரும்பினால் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு நாற்காலிகள் உரசினால் நடுவில் விரல் நசுங்கியது. நசுங்கிய விரலோடு திங்கட்கிழமை டைப்ரைட்டர் தட்டுவது எப்படியிருக்கும் என்று தட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

நாற்காலி சாயப் போகிறது என்று தோன்றினால் போதும், அம்மா மைதானத்துக்குள் வந்துவிடுவாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிடியைப் பற்றிக்கொண்டு, என் கூடவே ஓடுவாள். பந்து என் கையில் இருந்தால் அவளே கம்பத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போவதும் உண்டு.

"இன்னா அண்ணா இது," என்றார் லாட்டரிக்காரர் ஒருநாள். "நாங்க ரெண்டு பேரு ஆடறோம். அந்தப் பக்கம் மூணுன்னு சொல்லிட்டு நாலு பேரு ஆடறாங்க. எங்களுக்கும் ஒரு அம்மா குடுங்க."

"உனக்கு வேற தள்ளணுமா? சீட்டு விக்கத் தெருத்தெருவா சுத்தறியே, அப்ப யாரு தள்றா?" என்றாள் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே.

"அது வயித்துக்கு ஓடறது அம்மா. இது காத்துக்கு ஓடறது. இதுல தள்ளிவுட்டா சொகமா இருக்கும்."

கோடை அப்படியே போயிற்று. ஜூன் கடைசியில் கிரிக்கெட் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. ஜூலை பிறந்ததும் பிரான்ஸிலிருந்து விடுமுறைக்காரர்கள் ஊரில் வந்து இறங்கினார்கள். வக்கான்ஸ் என்பார்கள். அந்த மாதங்களில் புதுச்சேரிக் கடைத்தெருவில் சென்ட் வாசனை கூடுதலாக இருக்கும். ரேடியோ அண்ணாவின் அக்கா வீட்டுக்காரரும் வந்தார். எங்களுக்கு அவர் பிரான்ஸ் மாமா. ஞாயிற்றுக்கிழமை நேராக மைதானத்துக்கு வந்து, நாங்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்பத்தில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"யாருய்யா சக்கரத்த நிமித்துனது?"

"வெல்டிங்காரர், மாமா," என்றார் ரேடியோ அண்ணா. "கப்பல்ல வளஞ்சிட்டுதுன்னு..."

"அஞ்சும் ஒரே மாதிரியா வளையும்? அது அப்படித்தான்யா இருக்கணும். சாஞ்சிருந்தாத்தான் சட்டுனு திரும்பும், கவுறாது. மோதினா கீழ சக்கரமும் சக்கரமும் மோதும், கை தப்பிச்சிடும்."

நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

"சரி, இது இன்னா பச்சையா?"

"தள்றதுக்குப் புடி."

"யாரத் தள்றதுக்கு?"

அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். பிரான்ஸ் மாமா அதைக் கவனித்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார். ஆட்டத்தில் யாரும் யாரையும் தள்ள மாட்டார்கள் என்றார். விழுந்தால் விழுந்தவரே ஏறி உட்கார்ந்துகொள்வார், அதற்காக ஆட்டம் காத்திருக்கும் என்றார். பிடி நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்தவர் முகத்தைக் கிழித்துவிடும் என்றும் சொன்னார். லாட்டரிக்காரர் தன் நெற்றியில் என் பிடி போன வாரம் போட்ட வீக்கத்தைத் தடவிக் காட்டினார். அதன் பிறகுதான் பிரான்ஸ் மாமா வந்த விஷயமே வெளியில் வந்தது. சென்னையில் இதுபோல ஆடும் ஓர் அணி இருக்கிறது, பெரும்பாலும் பட்டாளத்தில் காயம்பட்டவர்கள். அவர்களிடம் பேசியிருந்தார். ஜூலை பதினான்கு கழிந்து வரும் ஞாயிறு அவர்கள் புதுச்சேரிக்கு வந்து எங்களோடு ஆடுவார்கள்.

"புடி வச்ச நாற்காலிய உள்ள வுட மாட்டாங்க," என்றார். "அந்த நாற்காலிக்காரங்க வெளியதான் குந்தணும்."

வெல்டிங்காரர் எல்லாச் சக்கரங்களையும் பழையபடி சாய்த்துக் கொடுத்தார். கெடுக்கிறது எளிது, சரிபண்ணுகிறதுதான் கஷ்டம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இது ரெண்டுமே எளிதா இருக்குது என்று சொல்லிச் சிரித்தார். நான்கு நாற்காலிகளின் பிடிகளையும் அறுத்தெடுத்தார். என்னுடையதற்கு வந்தபோது ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா ஒரு வார்த்த சொல்லட்டும்."

"நாற்காலி என்னோடது அண்ணே."

"நாற்காலி ஒன்னோடது. புடி அக்காவோடது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை. நாற்காலியைப் பிடியோடேயே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவிடம் கேட்பதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு நேரம் குறித்து வைப்பேன். அந்த நேரம் வந்ததும் வேறு எதையாவது பேசுவேன். கடைசியில் அவளே ஆரம்பித்தாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே.

"எல்லாருதும் வெட்டியாச்சாமே."

"ஆமாம்மா."

"ஒன்னுது வெட்டலன்னா சேத்துக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

கொஞ்ச நேரம் கீரையை உருவினாள். "வுழுந்தா?"

"விழுந்தா எழுந்துப்பேன்."

"நீ எழுந்து நான் பாத்ததே இல்லியேடி."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கீரை வேகுமா வேகாதா என்று சொல்கிற குரலில் சொன்னாள். இருபத்தொரு வருஷத்தில் நான் விழுந்தபோதெல்லாம், எழுவதற்கு முயல்வதற்குள் ஒரு கை என்னைத் தூக்கியிருக்கிறது. நான் எழுவேனா மாட்டேனா என்பது எனக்கே தெரியாது.

ஜூலை பதின்மூன்றாம் தேதி மாலை. மறுநாள் பிரெஞ்சுக்காரர்களின் பண்டிகை என்பதால் கடற்கரைச் சாலையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. மூவர்ணத் தோரணம் கட்டியிருந்தார்கள். பழைய சிப்பாய்கள் சிலர் அன்றே மெடல் குத்திக்கொண்டு உலாவினார்கள். சாய்ந்த சக்கரத்தில் பழக வேண்டும் என்று நான் கேட்டதால் அம்மா என்னை அங்கே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். சற்று நேரம் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். "இரு, வேர்க்கடல வாங்கியாறேன்" என்று அம்மா போனாள்.

அவள் தலை மறைந்ததும் நாற்காலி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி, வயதான ஒருவர். இரண்டு பச்சைப் பிடிகளையும் பற்றிக்கொண்டிருந்தார்.

"கோயிலுக்குத்தானேம்மா? கூட்டத்துல தனியா வுட்டுட்டுப் போய்ட்டாங்களா?"

"இல்லீங்க ஐயா. நான் எங்கயும் போவல. எங்கம்மா வருவாங்க, வுடுங்க."

"கூச்சப்படாத. எனக்கும் அந்த வழிதான்."

சக்கரங்களை இறுக்கிப் பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது.

"சக்கரம் புடிக்குது பாரு. எண்ண போடச் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் பலமாகத் தள்ளினார்.

விடுங்கள் என்று உரக்கச் சொன்னேன். எதிரே வந்தவர்கள் அவர் விபூதியையும் என் கால்களையும் பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். சாலையைத் தாண்டி, தெரு திரும்பி, பிள்ளையார் கோயில் வாசலில் பூக்கடைகளை ஒட்டி என்னை நிறுத்தினார். "நல்லா கும்புட்டுக்கோ" என்று தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த இடத்தில் சுவரோரமாகச் சிலர் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் நாற்காலியைத் திருப்புவதற்குள், அர்ச்சனைத் தட்டோடு வந்த ஓர் அம்மாள் என் மடியில் ஒரு காசைப் போட்டுவிட்டுப் போனாள். அதை எடுத்து எறியவும் தோன்றவில்லை, வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அம்மா ஒவ்வொரு பூக்கடையாகக் கேட்டுக்கொண்டு ஓடிவந்தாள். வேர்க்கடலைப் பொட்டலம் அவள் கையில் நசுங்கிக் காகிதம் கிழிந்திருந்தது. முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த காசைப் பார்த்தாள். அதை எடுத்து, சுவரோரம் இருந்த தட்டு ஒன்றில் போட்டுவிட்டு வந்தாள்.

"எவன் இட்டுகினு வந்தான்?"

"தெரியலம்மா. யாரோ பெரியவரு. நல்லவருதான்."

"நல்லவனா இருந்தான்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இல்லாம இருந்திருந்தா?"

நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். தள்ளப்போகிறாள் என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். நாற்காலி நகரவில்லை. "போ" என்றாள். சாரம் வரை நான்தான் ஓட்டினேன். அம்மா பின்னால் நடந்து வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிறவள், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்து காப்பி குடிப்பதற்குள் நாற்காலி வீட்டில் இல்லை. அம்மாவே உருட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போயிருந்தாள். அங்கே நடந்ததை வெல்டிங்காரர் பின்னாளில் எனக்குச் சொன்னார். வெட்டிவிடு என்றாளாம். ஏன் அக்கா என்று கேட்டாராம்.

"புடி இருந்தா எவன் வேணா புடிக்கிறான் தம்பி."

அவ்வளவுதான் சொன்னாளாம். அவர் அறுத்து முடிக்கும்வரை அங்கேயே நின்று, அறுத்த இரண்டு துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ரப்பர் உறையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெறுங்குழல். ஒன்று அடுப்பு ஊதுவதற்கு வைத்துக்கொண்டாள். 1988இல் எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வரும்வரை அந்தக் குழலால்தான் எங்கள் வீட்டு நெருப்பு எரிந்தது. இன்னொன்று பரணில் வெகுநாள் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைச் சுற்றி நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். உலகக் கோப்பை ஜுரம் இறங்காத நேரம். "பேட்டு எங்கப்பா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆண்டு எண்பத்து மூன்றுதான் என்பதற்கு நான் சொன்ன இன்னொரு சாட்சி அவர்தான்.

சென்னைக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பெரிய தோள்கள், பெரிய மீசைகள். அவர்கள் நாற்காலிகளும் பின்னால் மொட்டையாக இருந்தன. கால் இரும்போடு ஆடினால் நாற்காலியில் தட்டும் என்பதால் நாங்கள் காலிப்பர்களைக் கழற்றினோம். எங்கே வைப்பது என்று பார்த்தபோது, "குடுங்க இங்க" என்று அம்மா முந்தானையை விரித்தாள். அவள் சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஐந்து பேரின் இரும்புகளும், அதில் கோத்த பூட்ஸுகளும், தோல் வார்களும் அவள் மடியில் குவிந்தன. கழுத்துவரை வந்த குவியலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஓடிறப் போறீங்க, பத்து காலு இருக்குது மடியில," என்றார் லாட்டரிக்காரர்.

"நீ ஒழுங்கா ஆடிட்டு வா. இல்லன்னா ஒன்னுது ரெண்டயும் கடல்ல போட்டுடுவேன்."

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர்கள் எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். சாய்ந்த சக்கரம் சொன்ன சொல் கேட்டது. கை நினைத்த மாத்திரத்தில் நாற்காலி திரும்பியது. இவ்வளவு நாளும் நாங்கள் ஓட்டியது என்ன என்று தோன்றியது. பாதி ஆட்டத்துக்குப் பிறகு ஒரு பந்தை எட்டிப் பிடிக்கப் போய் ஒரு மீசைக்காரரோடு மோதினேன். அவர் நின்றார், நான் நாற்காலியோடு சாய்ந்து சிமெண்டில் விழுந்தேன்.

விசில் ஊதினார்கள். மீசைக்காரர் கை நீட்டப் போனார், பிறகு மடக்கிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ "ஐயோ, தூக்குங்கப்பா" என்றார்கள். இரும்பு கலகலவென்று சத்தம் கேட்டது. திரும்பாமலேயே எனக்குத் தெரிந்தது, அம்மா எழ முயல்கிறாள். ஆனால் பத்து கால் இரும்பை மடியில் வைத்துக்கொண்டு யாராலும் சட்டென்று எழுந்துவிட முடியாது.

நாற்காலியை நிமிர்த்தினேன். பிரேக்கைப் போட்டேன். ஒரு கையைச் சட்டத்திலும் ஒரு கையைத் தரையிலும் ஊன்றி இடுப்பைத் தூக்கினேன். முதல் முறை வழுக்கியது. இரண்டாம் முறை பாதி ஏறி மீண்டும் தரைக்கு வந்தேன். இரும்புச் சத்தம் நின்றுவிட்டது. மூன்றாம் முறை முழங்கை நாற்காலியின் விளிம்பில் பதிந்தது. அதன் பிறகு எப்படி ஏறினேன் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஏறி உட்கார்ந்திருந்தேன். மீசைக்காரர் பந்தை என் மடியில் வைத்துவிட்டு, "ம், ஆடும்மா" என்றார்.

தோற்றோம். எத்தனைக்கு எத்தனை என்பது எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை.

அதன் பிறகு மூன்று வருஷம் ஆடியிருப்போம். டயர் வெடிப்பு விட்டது, அந்த அளவில் இங்கே டயர் கிடைக்கவில்லை. கல்லூரி மாணவர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனார். அரிசிக் கடைக் கணக்குக்காரருக்குக் கல்யாணம் ஆயிற்று. ரேடியோ அண்ணா டி.வி. பழுதும் பார்க்க ஆரம்பித்து, ஞாயிறன்றும் கடை திறந்தார். நாற்காலிகள் அவரவர் வீட்டில் சாதாரண நாற்காலிகளாயின. கடற்கரைச் சாலைக்கு இப்போதும் போகிறேன். ஐந்து வண்டிகள் வரிசையாக நின்ற இடத்தில் இப்போது ஐஸ்கிரீம் விற்கிறார்கள்.

அந்த ஞாயிறு வீடு திரும்பியதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சாயங்கால வெயில். மற்றவர்களின் இரும்பையெல்லாம் கொடுத்துவிட்டு, என்னுடையதை மட்டும் அம்மா தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். முதலில் பழக்கத்தில் எனக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே கையை வைக்க ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு முன்னால் வந்தாள். என் பக்கத்தில் நடந்தாள்.

அத்தனை வருஷத்தில் தெருவில் போகும்போது நான் அம்மாவின் குரலை மட்டுமே கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தேன். கடைப் பலகைகளை உதடு அசைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். நாய் குறுக்கே போனால் புருவத்தைத் தூக்கினாள். தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால், அவர்கள் பேசுவதற்கு முன்பே சிரித்துவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் மூச்சு வாங்கியது. என் சக்கரம் அவளை முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"மெதுவாப் போடி. நான் வர வேணாமா?" என்றாள்.

சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினேன். அவள் வந்து சேர்ந்ததும், அவள் நடைக்குத் தகுந்தாற்போல ஓட்டினேன்.